வீட்ல சாமி நம்பிக்கை இல்லன்னு எப்படி சொல்றது? நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லணுமா?

குடியாத்தம்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு பதில் சொல்லுங்க. எனக்கு சொந்த ஊர் குடியாத்தம், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், தினமும் பஸ்லதான் போய் வரேன். எனக்கு சாமி நம்பிக்கை இல்ல. காலேஜ் படிக்கும்போதே போயிடுச்சு. யார் மேலயும் கோவம் வந்து போகல, எதையோ வேண்டி கிடைக்காம போனதாலயும் இல்ல. யோசிச்சு யோசிச்சு பார்த்தேன், அப்படி ஒருத்தர் மேல இருந்து பாத்துட்டு இருக்காருன்னு எனக்கு தோணல, அவ்ளோதான். இதை சொல்லிக்கிட்டு திரியணும்னும் எனக்கு ஆசை இல்ல.

ஆனா எங்க வீடு அப்படியே நேர் எதிர். அம்மா செவ்வாய் வெள்ளி வீடு கழுவி விட்டு, தலைக்கு குளிச்சுட்டுதான் அடுப்பு பத்த வைப்பாங்க. ஆயாவுக்கு எண்பது தாண்டிடுச்சு, இன்னும் ஆடி மாசம் கூழ் ஊத்தற அன்னைக்கு கேழ்வரகு மாவை அவங்களே கரைக்கணும், வேற யாரும் கை வைக்க கூடாது. அப்புறம் எங்க ஊர் சிரசு திருவிழா தெரிஞ்சவங்களுக்கு தெரியும். வைகாசி ஒன்னாம் தேதி விடியக்காலைல தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில்ல இருந்து அம்மன் தலை கிளம்பி, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து உடல்ல பொருத்துவாங்க. வழியெல்லாம் சூறைத் தேங்காய் உடைஞ்சு ரோடே ஈரமா கிடக்கும், ஓடு கால்ல குத்தாம நடக்க முடியாது. எனக்கு அந்த நாள் ரொம்ப பிடிக்கும், பம்பை சத்தம் கிட்ட வரும்போது எனக்கும் சிலிர்க்கும், அதையும் மறைக்கல. ஆனா அம்மன் வந்ததாலதான் சிலிர்க்குதுன்னு என்னால நம்ப முடியல.

இப்ப விஷயம் என்னன்னா எனக்கு வரன் வந்திருக்கு. பையன் வேலூர் சத்துவாச்சாரி, நல்ல மாதிரி, போன்ல பேசின வரைக்கும் எனக்கு பிடிச்சிருக்கு. அவங்க அம்மா மாசாமாசம் கிருத்திகைக்கு ரத்தினகிரி போறவங்க. பொண்ணு பாக்க வந்தப்ப என்னைப் பாத்து "வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துவியாம்மா"ன்னு கேட்டாங்க. நான் வாய் திறக்கறதுக்குள்ள எங்க அம்மா "விளக்கு ஏத்தாம பச்சைத் தண்ணி கூட குடிக்க மாட்டா"ன்னு சொல்லிட்டாங்க. நான் ஏத்தறது உண்மைதான், அம்மா சொல்றாங்கன்னு ஏத்தறேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஆவணில நிச்சயம் வைக்கலாம்னு பேசிட்டு இருக்காங்க.

யார்கிட்ட முதல்ல சொல்றது, பையன்கிட்டயா அம்மாகிட்டயா, என்ன வார்த்தைல சொல்றது? எங்க சொந்தத்துல ஒரு மாமா இருந்தார், எந்த விசேஷத்துக்கு போனாலும் சாமி கும்பிடறவங்களை நிக்க வச்சு கேள்வி கேப்பார், கடைசில அவரை யாரும் கூப்பிடறதே இல்ல. அப்படி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு. அம்மா மனசு உடைஞ்சிடுமோன்னு அதைவிட பயமா இருக்கு. இந்த மாதிரி சொன்னவங்க யாராவது இருந்தா எழுதுங்க.

காட்பாடி_ஜங்ஷன்:

சிஸ்டர், முதல்ல பையன்கிட்ட சொல்லுங்க. அம்மா நாளைக்கும் உங்க அம்மாதான், கோச்சுக்கிட்டாலும் சோறு போட்டுட்டுதான் கோச்சுக்குவாங்க. அந்தப் பையன் உங்களோட வாழப் போறவர், தெரிஞ்சுக்காம தாலி கட்டிட்டு அப்புறம் தெரிஞ்சா "ஏமாத்திட்டாங்க"ன்னு ஒரு வார்த்தை வரும், அது போகவே போகாது. வாட்ஸ்அப்ல டைப் பண்ணாதீங்க, நேர்ல சொல்லுங்க. பெரியவங்க சுத்தி உக்காந்திருக்கும்போதும் வேணாம்.

நான் சொன்ன கதை சொல்றேன். எங்க அப்பா எங்க ஏரியால குருசாமி, அவர் கையால மாலை போட்டுக்க காட்பாடி லத்தேரி பக்கம் எல்லாம் இருந்து ஆளுங்க வருவாங்க. சின்ன வயசுல இருந்து எனக்கும் வருஷா வருஷம் மாலை உண்டு. ஒரு வருஷம் கார்த்திகை ஒன்னுக்கு முன்னாடி நைட் சாப்பிட்டு முடிச்சப்புறம் சொன்னேன், "அப்பா எனக்கு இதுல நம்பிக்கை வரல, நம்பிக்கை இல்லாம மாலை போடறது உங்களுக்கும் மரியாதை இல்ல, போட்டுக்கற மத்தவங்களுக்கும் மரியாதை இல்ல"ன்னு. அவர் ஒன்னுமே சொல்லல, எழுந்து போய் படுத்துட்டார். ரொம்ப நாள் என்கூட சரியா பேசல. அப்புறம் மலைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி அவரே வந்து "இருமுடி கட்டும்போது பக்கத்துல இருப்பியா"ன்னு கேட்டார். இருந்தேன். தேங்காய் கண்ணைத் தோண்டி தண்ணிய வடிச்சிட்டு உள்ள நெய் ஊத்துவாங்க இல்ல, அவருக்கு வயசாகி கை நடுங்குது, நான் தேங்காய்ய ஆடாம பிடிச்சுக்கிட்டேன், அவர் ஊத்தினார், கார்க் வச்சு நான்தான் அடைச்சேன். இப்பவும் வருஷா வருஷம் அது என் வேலை. மாலை போடறது இல்ல, ஆனா நெய்த் தேங்காய் என் கைதான் பிடிக்கும்.

வார்த்தை கேட்டீங்க இல்ல. "சாமி இல்ல"ன்னு ஆரம்பிச்சா அவங்க சாமிக்காக சண்டைக்கு வருவாங்க, வரத்தான் செய்வாங்க. "எனக்கு நம்பிக்கை வரல"ன்னு சொன்னா அது உங்களைப் பத்தின விஷயம், அதுல யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. இன்னொன்னு, பண்டிகை அன்னைக்கு சொல்லாதீங்க, வீட்ல யாராவது உடம்பு சரியில்லாம கிடக்கும்போது சுத்தமா சொல்லாதீங்க, அப்ப சொன்னா என்ன நடந்தாலும் உங்க தலைலதான் விழும்.

ஆற்காடு_மாப்ள:

எதுக்குங்க சொல்லணும்? ரெண்டு நிமிஷம் கை கூப்பினா என்ன குறைஞ்சிடப் போகுது. எங்க வீட்ல நான் திருநீறு பூசிப்பேன், கோயிலுக்கு போவேன், உள்ளுக்குள்ள ஒன்னும் கிடையாது, இன்னைக்கு வரைக்கும் ஒரு பிரச்சனை வந்ததில்ல. அம்மா சந்தோஷம்தான் முக்கியம். நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தத்தை இதுக்காக கெடுத்துக்காதீங்க, அவ்ளோதான் என் கருத்து.

குடியாத்தம்காரி:

அண்ணா நீங்க சொல்றது புரியுது, இத்தனை வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா கை கூப்பறதோட முடியல. புருஷன் நல்லா இருக்கணும்னு என்னை நோன்பு இருக்க சொல்வாங்க, குழந்தை பிறக்கலன்னா ஒவ்வொரு கோயிலா கூட்டிட்டு போவாங்க, பிறந்தா மொட்டை எங்க போடறதுன்னு பேச்சு வரும், மாச நாள்ல தனியா உக்கார சொல்வாங்க. ஒவ்வொன்னுக்கும் நான் நம்பற மாதிரி முகத்தை வச்சுக்கணும். எங்க அம்மா முன்னாடி வச்சுக்க முடிஞ்சது, அவங்க மேல இருக்க பாசத்துல வந்தது. புதுசா ஒரு வீட்டுக்கு போய் சாகற வரைக்கும் அதையே பண்ண எனக்கு தெம்பு இல்ல. ஆம்பளைங்களுக்கு இது கோயில் வாசலோட முடிஞ்சிடுது, எங்களுக்கு சமையல்கட்டு வரைக்கும் வருது.

விரிஞ்சிபுரத்து_அம்மா:

கண்ணு, நான் சாமி கும்பிடறவ. அதுக்காக பயந்துக்காத, உன்னை திட்ட வரல. என் பையன் இதையே எங்கிட்ட சொன்னான், அதனால உங்க அம்மா பக்கம் இருந்து ஒருத்தி சொல்லணும்னு தோணுச்சு.

எனக்கு கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் குழந்தை இல்ல. எங்க ஊர் மார்க்கபந்தீஸ்வரர் கோயில்ல கார்த்திகை கடை ஞாயிறு விசேஷம், குழந்தை இல்லாதவங்க சிம்ம குளத்துல முழுகிட்டு ஈரப் புடவையோட கோயில்ல படுப்பாங்க, கனவுல பூவோ பழமோ வந்தா குழந்தை பிறக்கும்னு நம்பிக்கை. அந்த குளிர்ல கல் தரைல பல்லு கிட்டிக்கும், பக்கத்துல படுத்திருக்கவளும் நடுங்குவா, அவ யாரு என்னன்னு தெரியாது, ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுக்குவோம். நான் அப்படி படுத்தப்புறம் பிறந்தவன்தான் என் பையன். அவன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஒரு நாள் வந்து "அம்மா எனக்கு சாமி நம்பிக்கை இல்லம்மா"ன்னான்.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளு. சாமிக்கு கோவம் வரும்னு எல்லாம் முதல்ல தோணல. "அப்ப நான் அங்க படுத்தது என்னாடா, நீ என்னாடா"ன்னுதான் தோணுச்சு. அவன் பிறந்த கதையே இல்லன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது, நான் செத்துட்டா இவனுக்கு யார் துணைன்னு பயம். நாங்க சாமிகிட்ட பிள்ளைங்களை ஒப்படைச்சிட்டுதான் ராத்திரி தூங்கறோம் கண்ணு, பிள்ளை அந்த கையை தட்டி விட்டுட்டா தூக்கம் எப்படி வரும்? மூணாவது, ஊர் என்ன சொல்லும், நான் வளர்த்த லட்சணம் இதுதானான்னு. உண்மைய சொன்னா இந்த மூணாவதுதான் சத்தமா வெளிய வந்துச்சு, முதல் ரெண்டும் உள்ளயே கிடந்துச்சு. அதனால உங்க அம்மா "நாலு பேர் என்ன சொல்வாங்க"ன்னு கத்தினா அதையே பிடிச்சுக்கிட்டு பதிலுக்கு கத்தாத, அதுக்கு பின்னாடி வேற இருக்கும்.

என் பையன் அன்னைக்கு ஒன்னு சொன்னான், அதை மட்டும் நான் மறக்கல. "நீ எனக்காக அந்த குளிர்ல படுத்த இல்ல, அது உண்மைதானேம்மா, அதை நான் எப்பவும் இல்லன்னு சொல்ல மாட்டேன்"னான். அப்புறம்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. இப்ப கடை ஞாயிறுக்கு அவன்தான் என்னை பைக்ல கூட்டிட்டு போறான், வெளிய டீக்கடைல உக்காந்திருப்பான். நான் அவனுக்கும் சேர்த்து கும்பிட்டுக்கறேன், அவன் வேணாம்னு சொல்றதில்ல.

பழைய_வடாற்காடு:

அம்மா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு வயசு அறுபத்தஞ்சுக்கு மேல, வேலூர் கொசப்பேட்டைல வளர்ந்தவன், எங்க அப்பா கருப்புச் சட்டை போட்டவர், அதனால இந்தக் கதையோட மறுபக்கம் எங்க வீட்ல இருந்துச்சு. எங்க வீட்ல அப்பாதான் நம்பிக்கை இல்லாதவர், அம்மா நெத்தி நிறைய குங்குமம். 1981ல நம்ம கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் லிங்கத்தை திரும்பவும் கொண்டு வந்து வச்சாங்க, அது வரைக்கும் சாமி இல்லாம பூஜை இல்லாம கிடந்த கோயில், லிங்கம் சத்துவாச்சாரில இருந்துச்சு. ஊரே அதைப் பத்தியே பேசினு இருந்தது. அம்மா போய் பாக்கணும்னாங்க. அப்பா ஒரு வார்த்தை சொல்லாம சைக்கிள்ல உக்கார வச்சு அகழி வரைக்கும் கொண்டு போய் விட்டார். உள்ள வரல, வெளிய பேப்பர் படிச்சினு இருந்தார். திரும்பி வரும்போது அம்மா பிரசாதத்தை மடில வச்சினு வந்தாங்க, வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கும் ஒரு வாய் கொடுத்தாங்க, சாப்பிட்டார்.

சின்னப் பசங்க சில பேர் நாத்திகம்னா எதிர்ல இருக்கவங்களை மட்டம் தட்டறதுன்னு நினைச்சினு இருக்காங்க. பெரியார் மேடைல எவ்வளவு கடுமையா பேசினார்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா சைவ மடத்து குன்றக்குடி அடிகளார் அவர் நெத்தில திருநீறு பூசினப்ப அதை அவர் மறுக்கலன்னு எங்க அப்பா அடிக்கடி சொல்லுவார். பெரியார் உயிர் போனதும் நம்ம ஊர்லதான், 1973 டிசம்பர் 24, சிஎம்சி ஆஸ்பத்திரில. ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒத்தைக் கட்டிலோட ஆரம்பிச்ச மிஷன் ஆஸ்பத்திரி அது, காலைல ஜெபம் பண்ணிட்டு வேலை ஆரம்பிக்கறவங்க. கடவுள் இல்லன்னு ஊர் ஊரா பேசினவரை அவங்க பாத்துக்கிட்டாங்க, அவரும் அவங்க கையை நம்பி படுத்தார். அவர் மனைவி மணியம்மையாரும் வேலூர்க்காரங்கதான். அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இருந்த கூட்டத்துல எங்க அப்பாவும் ஒருத்தர், நான் அப்ப ஸ்கூல் பையன்.

நம்ம ஜில்லாவுக்கு இது புதுசும் இல்லம்மா. வள்ளிமலைக்கு முருகனைப் பாக்க போறவங்க அங்க பாறைல இருக்க சமணர் சிற்பங்களையும் பாத்திருப்பீங்க, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. உலகத்தை ஒரு கடவுள் படைச்சார்னு ஒத்துக்காதவங்க சமணர். அவங்க உக்காந்த அதே மலைல இன்னைக்கு காவடி ஏறுது.

எனக்கு சுயமரியாதைக் கல்யாணம், ஐயர் இல்ல, ஓமம் இல்ல, மாலை மாத்தினோம், பெரியவர் ஒருத்தர் பேசினார், எல்லாரும் சாப்பிட்டாங்க. ஆனா என் வீட்டுக்காரம்மா நல்லா சாமி கும்பிடறவங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே நான் இப்படின்னு சொன்னேன், அவங்க "நான் கும்பிடறதை தடுக்காம இருந்தா போதும்"னாங்க. இன்னைக்கும் எங்க வீட்டு சாமி ரூமுக்கு பெயிண்ட் அடிக்கறது நான், பல்பு மாத்தறது நான். உள்ள நின்னு கும்பிடறது அவங்க. சண்டை வராம இல்ல, பசங்களுக்கு காது குத்தறப்ப பெரிய சண்டையே வந்துச்சு, அவங்க அண்ணன் மடில உக்கார வச்சு குத்தினாங்க, நான் போய் நின்னேன். அந்தப் பையன்கிட்ட நீ இந்த மாதிரி விஷயத்தை எல்லாம் இப்பவே பேசிடு, நம்பிக்கை இருக்கா இல்லையாங்கறதை விட இதுலதான் சண்டை வரும்.

பேரணாம்பட்டு_ரோடு:

இங்க எல்லாரும் சொல்லுங்க சொல்லுங்கன்னு எழுதறீங்க. எல்லாராலயும் சொல்ல முடியாது, அதையும் யாராவது எழுதணும். நான் முஸ்லிம் வீட்டுப் பையன், தோல் தொழில் நடக்கற ஊர். எனக்கும் நம்பிக்கை போயிடுச்சு. ஜும்மாவுக்கு நான் போகலன்னா அடுத்த தெரு வரைக்கும் "எங்க காணோம், உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டு வந்துடுவாங்க. பாசத்துலதான் கேக்கறாங்க, அதான் கஷ்டமே.

2017 மார்ச்ல கோயம்புத்தூர்ல ஃபாரூக்னு ஒருத்தரை வெட்டிக் கொன்னாங்க, திராவிடர் விடுதலைக் கழகத்துல இருந்தவர், நாத்திகம் எழுதினதுக்காக. அப்ப நான் காலேஜ்ல இருந்தேன், அந்த செய்தியை போன்ல மறைச்சு மறைச்சு படிச்சேன். மகனை இழந்த அப்புறம் அவங்க அப்பா தானும் அந்த இயக்கத்துல சேரப்போறதா சொன்னார். அதைப் படிச்சப்ப என் அத்தா அப்படி நிப்பாரான்னு யோசிச்சேன், பதில் தெரியல. எங்க தெருல இருக்கவங்க என்னை அடிப்பாங்கன்னு நான் சொல்லல, என்னைத் தூக்கி வளர்த்தவங்க அவங்க. ஆனா ஒருத்தன் போதும், அவன் எந்த ஊர்ல இருந்து வருவான்னு தெரியாது.

நான் என் அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவ தினமும் அஞ்சு வேளை தொழறவ. கேட்டுட்டு ரொம்ப நேரம் அழுதா, அப்புறம் "வேற யார்கிட்டயும் சொல்லாத, எனக்கு தெரியும் இல்ல, அது போதும்"னா. ஒருத்தருக்கு தெரிஞ்சதே எனக்கு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. அத்தாவுக்கு முட்டி வலி, குனிஞ்சு தொழ முடியாது, சேர்ல உக்காந்துதான் தொழறார். விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு அலாரம் வச்சு எழுந்து வெந்நீர் வச்சுக் கொடுத்து, சேரை கிப்லா, அதாவது மக்கா இருக்க திசை பாத்து திருப்பி போடறது நான். அவர் எனக்காக துஆ செய்யறார். எனக்கு அதுல பொய் எதுவும் இருக்கறதா படல, அவர் மேல எனக்கு இருக்க பாசம் உண்மை.

சிஸ்டர், உங்க நிலைமைல உயிர் பயம் இல்லன்னா சொல்லுங்க, அது பெரிய விஷயம். வேற யாராவது படிச்சிட்டு இருந்தா, முதல்ல கைல வேலை, தனி பேங்க் அக்கவுண்ட், சர்டிபிகேட் எல்லாம் உங்க கைல, கதவு தட்டினா திறக்கற ஒரு ஃப்ரெண்ட் வீடு, இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா பொறுங்க. பொறுக்கறவங்களை இங்க யாரும் கோழைன்னு சொல்லாதீங்க ப்ளீஸ்.

திருப்பத்தூர்_கோர்ட்_ரோடு:

சட்டப் பக்கம் யாரும் தொடல, நான் சொல்றேன், கோர்ட்ல வேலை பாக்கறேன். நம்பிக்கை இல்லன்னு சொல்றது குத்தமும் இல்ல, எங்கயும் எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயமும் இல்ல. அரசியல் சட்டம் 25வது பிரிவு மனசாட்சி சுதந்திரம்னுதான் ஆரம்பிக்குது, அதுல கும்பிடறவங்களும் வராங்க, கும்பிடாதவங்களும் வராங்க. சாட்சி சொல்ல வந்தா கூட கடவுள் பேர்ல சத்தியம் பண்ணணும்னு இல்ல, உறுதிமொழி எடுத்துக்கலாம், 1969 சத்தியப் பிரமாணச் சட்டத்துலயே இருக்கு, தினமும் பாக்கறேன்.

கல்யாணத்துக்கு வரேன். நீங்களும் பையனும் இந்து வீட்ல பிறந்தவங்க, வேற மதத்துக்கு மாறாத வரைக்கும் சாமி நம்பலன்னாலும் உங்களுக்கு கல்யாணம், சொத்து எல்லாத்துக்கும் இந்து சட்டம்தான். இந்து திருமணச் சட்டத்துலயே 7ஏ பிரிவுன்னு ஒன்னு தமிழ்நாட்டுக்கு இருக்கு, அண்ணா முதல்வரா இருந்தப்ப 1967ல சட்டசபைல கொண்டு வந்தது. சொந்தக்காரங்க, நண்பர்கள் முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கறோம்னு புரியற மொழில சொல்லி, மாலை மாத்தினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும், புரோகிதர் தேவையில்ல. அதுக்கு முன்னாடி அப்படி நடந்த கல்யாணத்தையும் செல்லும்னு ஆக்குச்சு அந்த சட்டம். 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் இதைப் பத்தி தீர்ப்பு சொன்னப்ப, ஊரைக் கூட்டி பப்ளிக்கா அறிவிச்சாதான் செல்லும்னு இல்லன்னு தெளிவா சொல்லிடுச்சு. எந்த முறைல கட்டினாலும் 90 நாளைக்குள்ள பதிவு பண்ணிடுங்க. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல போனா 30 நாள் நோட்டீஸ் போர்டுல தொங்கும், உங்களுக்கு அது தேவைப்படாது.

குழந்தை ஸ்கூல்ல சேர்க்கறப்ப சாதி மதம் கேக்கற இடத்தை காலியா விடலாம், 1973லயும் 2000லயும் அரசாணை இருக்கு, ஆனா கிளார்க் நிறைய பேருக்கு தெரியாது, காப்பி எடுத்துட்டு போனா நல்லது. எங்க ஊர் வக்கீல் சினேகா 2019 பிப்ரவரில "சாதி மதம் அற்றவர்"னு தாசில்தார்கிட்ட சர்டிபிகேட் வாங்கினது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, வருஷக்கணக்கா அலைஞ்சு வாங்கினாங்க. ஒன்னு மட்டும் நல்லா யோசிங்க, அப்படி சர்டிபிகேட் வாங்கிட்டா அப்புறம் இட ஒதுக்கீடு கேக்க முடியாது, உங்க பசங்க படிப்புக்கு அது தேவைப்படலாம். சாமி நம்பலங்கறதுக்காக மட்டும் அந்த சர்டிபிகேட் வாங்கணும்னு அவசியம் கிடையாது, ரெண்டும் வேற வேற.

குடியாத்தம்காரி:

எழுதின எல்லாருக்கும் நன்றி. விரிஞ்சிபுரத்து அம்மா, நீங்க எழுதினதை பஸ்லயே படிச்சிட்டு அழுதுட்டேன். பேரணாம்பட்டு அண்ணா, நீங்க பத்திரமா இருங்க, உங்க அக்காவுக்கும் என் அன்பை சொல்லுங்க.

பையன்கிட்ட சொல்லிட்டேன். அவர் தங்கச்சியும் வந்திருந்தா, வேலூர் கோட்டைல அகழி ஓரமா இருக்க புல் தரைல உக்காந்தோம், தங்கச்சி கொஞ்சம் தள்ளி போன் பாத்துட்டு இருந்தா. காட்பாடி அண்ணா சொன்ன மாதிரியே "எனக்கு நம்பிக்கை வரல"ன்னு ஆரம்பிச்சேன். அன்னைக்கு விளக்கு பத்தி அம்மா சொன்னதையும் சொன்னேன், ஏத்தறது நிஜம், நம்பி ஏத்தல, அதுவும் நிஜம்னு. அவர் கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துட்டு இருந்தார். அப்புறம் கேட்டார், "உங்க அப்பா ஆஸ்பத்திரில ஐசியூல இருக்கார்னு வைங்க, அப்ப கூடவா யார்கிட்டயும் வேண்ட மாட்டீங்க?"ன்னு. வேண்ட மாட்டேன், பக்கத்துல உக்காந்திருப்பேன், டாக்டர் சொல்றதை எல்லாம் நோட்ல எழுதி வச்சுக்குவேன், உங்க அம்மா அப்ப கோயிலுக்கு போய் வேண்டிக்கிட்டு வந்தா அவங்க கையப் பிடிச்சு நன்றி சொல்வேன்னு சொன்னேன். அது அப்ப வாய்ல வந்தது, ஆனா நிஜமா அப்படித்தான் இருப்பேன்.

அவருக்கு நம்பிக்கை இருக்கு, அதை மறைக்காம சொன்னார். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. கல்யாணத்தை சடங்கோட பண்ணா ஒத்துக்குவீங்களான்னு கேட்டார், அவங்க அம்மாவுக்கு ஒரே பையன். அதுக்கு சரின்னேன், எனக்கு அதுல சங்கடம் இல்ல, மாலை தாலி எல்லாம் ஊரோட சேர்ந்து பண்றதுதான். நான் ரெண்டு விஷயம் கேட்டேன். என் பேர்ல யாரும் வேண்டுதல் வைக்கக் கூடாது, நான் அலகு குத்துவேன் மொட்டை போடுவேன்னு எனக்கு தெரியாம சாமிகிட்ட சொல்லிட்டு வரக் கூடாது. மாச நாள்ல தனியா உக்காரச் சொல்லக் கூடாது. ரெண்டாவதை அவர் உடனே ஒத்துக்கிட்டார், முதலாவதுக்கு "அம்மாவை தடுக்க முடியுமான்னு தெரியல, பேசறேன்"னார். பொய்யா சரின்னு சொல்லாம இப்படி சொன்னதே எனக்கு போதும். அவங்க அம்மாகிட்ட அவரே சொல்றேன்னார், டைம் கேட்டிருக்கார். என்ன ஆகும்னு தெரியல, சம்பந்தம் நின்னாலும் நிக்கலாம்.

எங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

பழைய_வடாற்காடு:

நல்லா பேசியிருக்கம்மா. வேண்டுதல் விஷயத்துல ஒன்னு. மாமியார் மனசுக்குள்ள வேண்டிக்கறதை நீயும் தடுக்க முடியாது, அவங்க பையனும் தடுக்க முடியாது, அதை விட்டுடு. அந்த வேண்டுதலை உன் உடம்புல நிறைவேத்தணும்னு வரும்போதுதான் நீ பேசணும். பையன்கிட்ட அப்படி பிரிச்சு சொல்லு, அவரும் அம்மாகிட்ட பேச சுலபமா இருக்கும்.

விரிஞ்சிபுரத்து_அம்மா:

கண்ணு, அவங்க அம்மாகிட்ட அந்தப் பையன் சொல்றதுக்கு முன்னாடி உங்க அம்மாகிட்ட நீ சொல்லிடு. சம்பந்தி வீட்ல இருந்து போன் வந்து "உங்க பொண்ணு இப்படியாமே"ன்னு கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க, அது நீ சாமி நம்பலங்கறதை விட பெரிய அடி. வெள்ளிக்கிழமை வேணாம். கீரை ஆய்ற நேரம், துணி மடிக்கற நேரம் மாதிரி பாத்து பேசு, கைல வேலை இருந்தா மனசு கொஞ்சம் தாங்கும். அவங்க முதல்ல கேக்கப்போறது "அப்ப இத்தனை நாள் விளக்கு ஏத்தினது நடிப்பா"ன்னுதான். அதுக்கு மட்டும் நல்லா யோசிச்சு பதில் வச்சுக்கோ.

குடியாத்தம்காரி:

பதில் இருக்கும்மா, உனக்காக ஏத்தினேன்னு சொல்வேன், அதுதான் உண்மை. ஞாயித்துக்கிழமை காலைல அப்பா கறி வாங்க போயிடுவார், ஆயா வெளித் திண்ணைல இருப்பாங்க, அம்மா வெங்காயம் உரிச்சிட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்து பேசறேன். அப்பாகிட்ட அம்மாவே சொல்லிடுவாங்க. ஆயாகிட்ட சொல்லப் போறதில்ல, ஆடி கூழுக்கு மாவு கரைக்க பானை பிடிக்க எப்பவும் போல போய் உக்காருவேன்.